நின்றுகொண்டு வருகிறவர்கள்

உட்கார்ந்திருக்கக் கூடாது. அதை அவள் உட்கார்ந்த பிறகுதான் நினைத்தாள். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் முன்படியில் ஏறியதும் கால்கள் தாமாகப் போய் இடதுபக்கம் நாலாவது வரிசையில், ஜன்னலோரமாக, அவளைக் கொண்டுபோய் வைத்துவிட்டன. பழநியில் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் பழகிய இடம். படிப்பு முடிந்து பொள்ளாச்சியிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பழநியில் ஒரு காரியமும் இல்லாமலே போய்த் திரும்பிய ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதே இடம். பையை மடியில் வைத்து, துப்பட்டாவை இழுத்துச் செருகி, ஜன்னல் கம்பியில் கையை வைத்தபோதுதான் மோகனப்பிரியாவுக்கு அந்த விதி நினைவுக்கு வந்தது. கடைசி நடையில் ரசிகர்கள் உட்காருவதில்லை. ஒரு பஸ் ஒரு வழித்தடத்தை விட்டுப் போகிற நாளில், அதன்மேல் பிரியம் வைத்தவர்கள் முழு டிக்கெட் எடுத்து, முதல் ஊரிலிருந்து கடைசி ஊர் வரைக்கும், இடம் காலியாகக் கிடந்தாலும் நின்றேதான் போவார்கள். சீட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு. வண்டிக்காக வந்தவன் நிற்கட்டும். யார் போட்ட விதியோ, ‘கொங்குச் சக்கரம்’ என்ற அந்த வாட்ஸப் குழுவில் அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. தனியார் பஸ்களைப் பார்ப்பதும் படமெடுப்பதும் அவற்றின் சத்தத்தைப் பதிவுசெய்து ஒருவருக்கொருவர் அனுப்புவதுமே வேலையாக இருக்கிற சில நூறு பேர். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உள்ளே, யார் எந்தக் கடைசி நடையில் நின்று வந்தார்கள் என்பதைத்தான் பட்டம் பதவி மாதிரி சொல்லிக்கொள்வார்கள். இன்றைக்கு இந்தப் பூங்கோதை பஸ்ஸின் கடைசி நடை. நாளைக் காலையில் இந்த வண்டி கரூருக்குப் போகிறது, பாடியைப் பிரித்துவிடுவார்கள் என்று பேச்சு. பூங்கோதையின் கடைசி நடையில், பூங்கோதையை அந்தக் குழுவில் எவரையும்விட அதிகம் கேட்டவள், உட்கார்ந்திருக்கிறாள். எழுந்துவிடலாம். இப்போதே எழுந்துவிடலாம். வண்டி இன்னும் கிளம்பவில்லை. ஆனால் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட ஒரு பெண் காரணமில்லாமல் எழுந்து நின்றால் பக்கத்திலிருக்கிறவர்கள் என்ன ஏதென்று பார்ப்பார்கள், இறங்குகிறாளா, தலைசுற்றலா என்று கேட்பார்கள், கண்டக்டர் மாரண்ணன் அங்கிருந்தே குரல் கொடுப்பார். அதற்குள் அவரே வந்துவிட்டார். “என்ன கண்ணு, இன்னிக்குந் தவறாம வந்துட்டயா? படிப்பு முடிஞ்சும் இந்தக் காலேஜுப் புள்ள நம்ம வண்டியை உடமாட்டேங்குது பாரு,” என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தபடி பழநி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். விசில். என்ஜின் உறுமியது. எழுந்திருக்க வேண்டிய நேரம் அத்தோடு போயிற்று, அல்லது போயிற்று என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அவர்கள் முன்னால் நின்றார்கள், டிரைவருக்குப் பக்கத்தில், பானட்டைச் சுற்றி, பதினைந்து பேருக்குக் குறையாமல். அவள் எல்லாரையும் அறிவாள், ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அவளுக்குப் புதிதல்ல, எத்தனை ஆடியோ கேட்டிருக்கிறாள். அதோ கட்டைக்குரலில் பேசுகிற, சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருக்கிறவன்தான் தரணிதரன், குழுவை நடத்துகிறவன். படத்தில் பார்த்ததைவிட ஒல்லி. கம்பியைப் பிடிக்காமல், வண்டியின் ஆட்டத்துக்குத் தக்கபடி முழங்காலைத் தளர்த்தி நிற்கிறான், நிறைய நின்று பழகியவன் நிற்கிற மாதிரி. அவனுக்குப் பக்கத்தில் பூங்கோதை என்று நெஞ்சில் அச்சடித்த புத்தம்புது பனியன் போட்ட பையன், மடிப்புக்கூடக் கலையவில்லை, ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உலகத்துக்கே நேரலை சொல்லிக்கொண்டிருந்தான். “மக்களே, நம்ம கோதையோட கடைசி ஓட்டம், பாத்துக்கங்க, டேஷ்போர்டுல அந்தப் புள்ளையாரு...” தரணி அவன் கையைத் தணித்தான். “டேய் லோகு, டிரைவரண்ணன் கண்ணுல லைட் அடிக்காத. மொதல்ல நீ இந்த வண்டில எத்தன தடவ வந்திருக்கற, சொல்லு?” “இதாண்ணா மொத தடவ.” எல்லாரும் சிரித்தார்கள். “திருப்பூர்லருந்து பனியன் அடிச்சுட்டு வந்துட்டான், வண்டில ஏறுனதே இல்ல!” “ரீல்ஸ்ல பாத்திருக்கேன்ல, தெனமும் பாப்பேன்.” “நீயெல்லாம் ஸ்டிக்கர் ரசிகன்டா. பெயிண்ட்டு, சீரியல் லைட்டு, ஹாரன், அத்தோட சரி. கண்ணைக் கட்டி உட்டா எந்த வண்டின்னு சொல்லுவியா?” “நீங்க சொல்லுவீங்களாக்கும்?” “நான் சொல்ல மாட்டேன். சொல்ற ஆளு ஒருத்தர் இருக்காரு. ஜன்னல் ப்ரோ,” என்றான் தரணி. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது சுட்டது. தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சுழன்று பின்னால் போயின. “அவரு வரலியாண்ணா?” “மெசேஜ் போட்டேன். பாத்துட்டாரு, பதிலில்ல. அவரு அப்படித்தான். நாலு வருசமா குரூப்ல இருக்காரு, ஒரு தடவகூட நேர்ல வந்ததில்ல.” நாலு வருசமா இருக்காரு. இருக்காரு. அவள் தன் கையைப் பார்த்தாள். நகத்தில் பாதி உரிந்த மருதாணி.

அப்படி ஒன்றும் ஏமாற்ற நினைக்கவில்லை. குழுவில் சேர்ந்தபோது பெயர் கேட்டது, ஜன்னல் என்று போட்டாள், படமாக இந்த ஜன்னலையே எடுத்து வைத்தாள், அவர்களாகவே ப்ரோ என்றார்கள், அவள் மறுக்கவில்லை, அவ்வளவுதான். மறுத்திருக்கலாம். சேர்ந்த மாதத்திலேயே வேறொரு பெண் வந்தாள், தன் பெயரிலேயே, தன் முகத்தோடு. சிஸ்டர் எந்த ஊர், சிஸ்டருக்கு பஸ்ஸெல்லாம் புடிக்குமா, சிஸ்டர் கியர் எத்தனைன்னு தெரியுமா, யாரோ சொல்லிக்கொடுத்து வந்திருக்காங்க போல, என்று ஒரு நாள் முழுக்க. தரணி அவர்களை அதட்டினான். மறுநாள் அவள் இல்லை. அவள் பெயர்கூட இப்போது நினைவில்லை. மோகனப்பிரியாவால் ஒருவேளை அதையெல்லாம் தாங்கியிருக்க முடியும், கேள்விகளுக்கெல்லாம் பதில் தெரியும், ஆனால் பதில் சொல்லும்போது எல்லாரும் தன்னைப் பார்ப்பார்களே, அதுதான். கல்லூரியில் முதல் வருடம், வருகைப் பதிவில் தன் பெயர் நெருங்க நெருங்க வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருப்பாள், உள்ளேன் என்று சொல்ல வேண்டிய ஒரு சொல்லுக்கு. அந்த நாட்களில்தான் இந்த வண்டி அவள் காதில் விழத் தொடங்கியது. முதலில் சத்தம் என்றே தெரியவில்லை, ஒரு துணை மாதிரி இருந்தது. கோமங்கலம் தாண்டி ஏற்றத்தில் டிரைவர் கியரைக் குறைக்கும்போது வண்டி ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு அடிவயிற்றிலிருந்து மெல்ல எடுத்து, பாடத் தெரிந்த ஒருத்தி வேலை செய்துகொண்டே முனகுகிற மாதிரி ஒரு இழுப்பு இழுக்கும். அந்த இழுப்பின் உச்சியில் இந்த ஜன்னல் கண்ணாடி மட்டும் கிடுகிடுவென்று நடுங்கும். விரலால் தொட்டால் நின்றுவிடும். எடுத்தால் மறுபடி நடுங்கும். வகுப்பில் யாரோடும் பேசாத நாட்களில் அதோடு அவள் விளையாடிக்கொண்டு போனாள். பேச்சு என்றால் அதுதான் பேச்சு. இது பழுதாகி இதற்குப் பதிலாக ஸ்பேர் வண்டி வருகிற நாட்களில், அதே பெயிண்ட், அதே பெயர், ஏறியதுமே தெரிந்துவிடும், யாரோ தெரிந்தவர் வீட்டுக்குப் போய் அவர் இல்லாமல் அவர் அண்ணனிடம் பேசிவிட்டு வருகிற மாதிரி இருக்கும். அதையெல்லாம் எவரிடம் சொல்வது. அம்மாவிடம் ஒருமுறை சொன்னாள். “பஸ்ஸுச் சத்தத்தைக் கேக்கறதுக்கா ஞாயித்துக்கெழமையும் போறவ? இதை வெளிய சொல்லித் தொலைச்சுராத சாமி, எவன் கட்டுவான்?” பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவன் பொழுதுபோக்கு என்னங்க என்று கேட்டான். புத்தகம் படிப்பேன் என்றாள். என்ன புத்தகம் என்று அவன் கேட்கவில்லை, நல்லவேளை. ஆனால் குழுவில் அந்த ஏற்றத்துச் சத்தத்தை அவள் போட்ட இரவு தரணி தனியாக எழுதியிருந்தான். ப்ரோ, கண்ணை மூடிக் கேட்டேன், கண்ணாடி நடுங்கறதுகூடக் கேக்குது, நீங்க அந்த இடத்துல மூச்சை அடக்கியிருக்கீங்க, இல்ல? அடக்கித்தான் இருந்தாள். அவள் மூச்சை அடக்கியதை உலகத்தில் ஒருவன் கேட்டிருக்கிறான். அன்றைக்குப் பதில் எழுதினாள், நீளமாக, அழித்தாள், மறுபடி எழுதினாள், கடைசியில் ஆமாம் என்று மட்டும் அனுப்பினாள்.

உடுமலையில் கூட்டம் ஏறியது. பூ மூட்டைகள், பள்ளிக்கூடப் பைகள், யாருடையதோ கோழி நாற்றம். நின்றவர்கள் நெருக்கி இடம்விட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு அம்மாள் அவள் சீட்டருகே வந்து கம்பியைப் பிடித்ததும் மோகனப்பிரியாவின் நெஞ்சு திக்கென்றது, சந்தோஷத்தில். இதோ காரணம். எழுந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இனிப் பழநி வரைக்கும், பாதி வழியாவது, அவர்களோடு நின்றவளாக ஆகலாம், யாருக்கும் தெரியவேண்டாம், தனக்குத் தெரிந்தால் போதும். “நீங்க உட்காருங்க அக்கா,” என்று பாதி எழுந்துவிட்டாள். “அட நீ உக்காரு கண்ணு, நான் இப்ப மடத்துக்குளத்துல எறங்கிருவேன்,” என்று அந்த அம்மாள் அவள் தோளை அமுக்கி உட்காரவைத்து, “இவனை மட்டும் வச்சுக்க,” என்று குழந்தையை மடியில் இறக்கிவிட்டாள். கனமான குழந்தை. எண்ணெய்த் தலை. இப்போது நிஜமாகவே எழுந்திருக்க முடியாது. குழந்தை ஜன்னலைப் பார்த்து, சின்ன மேடொன்றில் கண்ணாடி லேசாக நடுங்கியபோது விரலை வைத்தது, நின்றது, எடுத்தது, நடுங்கியது, அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, இத்தனை வருடம் தனக்கு மட்டுமே என்று வைத்திருந்ததை ஒரு பொடியன் ஒரே நொடியில் எடுத்துக்கொண்டுவிட்டான். முன்னால் அவர்கள் இன்னும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் உண்மையான ரசிகன். பழைய பெயிண்ட்டின் நிறம் தெரிந்தவனா, டிரைவர்களின் பெயரெல்லாம் சொல்கிறவனா, மழையில் நனைந்துகொண்டு பாலத்தில் நின்று படமெடுத்தவனா. “நின்னு வர்றவன்டா,” என்றான் தரணி, “அவ்வளவுதான். தெரியறது தெரியாததெல்லாம் அப்புறம். வண்டி போகுதுன்னு கேட்டதும் பொழப்பை உட்டுட்டு வந்து நிக்கறான் பாரு, அவன்.” “அப்ப உங்க ஜன்னல் ப்ரோ?” என்றான் லோகு. தரணி குனிந்து ஜன்னல் வழியே பார்த்தான். வெளியே காற்றாலைகள் மெதுவாகச் சுற்றின. “தெரியலடா. அவருக்கு நம்ம எல்லாரையும்விட இந்த வண்டி புடிக்கும்னு நெனச்சுட்டிருந்தேன். இன்னிக்கு வரலைன்னா...” மீதியை ஹாரன் தின்றுவிட்டது. வரலைன்னா என்ன? வரலைன்னா என்ன சொன்னான்? குழந்தையின் தலைக்கு மேலாக அவள் எட்டிப் பார்த்தாள். அவன் முதுகுதான் தெரிந்தது. வந்திருக்கிறேன் என்று இங்கிருந்தே ஒரு மெசேஜ் போட்டால்? எங்கே என்று கேட்பான், பதினைந்து தலைகள் ஒரே நேரத்தில் திரும்பும், வரிசை வரிசையாக ஆண்களைப் பார்த்துக்கொண்டே வரும், அவளைத் தாண்டிப் போய்விடும். தாண்டிப் போய்விடும் என்பதுதான் திரும்புவதைவிடப் பயமாக இருந்தது.

மடத்துக்குளத்தில் அந்த அம்மாள் இறங்கினாள், குழந்தையும் போயிற்று, மடி திடீரென்று லேசாகிக் குளிர்ந்தது. அமராவதிப் பாலத்தில் வண்டி ஏறியபோது வெயில் சாய்ந்து, பூங்கோதையின் நிழல் மணலில் நீளமாக ஓடியது, ஜன்னல் ஜன்னலாக வெளிச்சத் துண்டுகளோடு. அந்த நிழலில் யார் நிற்கிறார்கள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. இனி ஏற்றம் ஒன்றும் பெரிதாக இல்லை. அந்த இழுப்பைக் கடைசியாகக் கேட்டாயிற்று, எங்கே கேட்டேன், கோமங்கலத்திலா, அப்போது ஜன்னல் ப்ரோ என்ற பேச்சில் காது சுட உட்கார்ந்திருந்தேனே, கவனிக்கவே இல்லையே.  கடைசி முறையைக் கேட்காமல் விட்டுவிட்டேன். இதைக் கேட்கத்தானே வந்தேன். வண்டியைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வண்டியைக் கேட்காமல் விட்டேன், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக. அப்படியென்றால் எனக்கு வேண்டியிருந்தது எது? அப்போது முன்னால் ஒரு சத்தம், விக்கல் மாதிரி. லோகு அழுதுகொண்டிருந்தான். ஃபோன் தாழ்ந்து தொங்க, புதுப் பனியனில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பதினெட்டுப் பத்தொன்பது வயசுப் பையன் எல்லார் முன்னாலும் குழந்தை மாதிரி. “டேய், என்னடா?” “தெரியலண்ணா. நாளைக்குப் பிரிச்சுருவாங்கல்ல.” “மொத தடவ வந்தவன்டா நீ!” என்று ஒருவன் கிண்டல் செய்தான், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. தரணி அவன் கழுத்தில் கையைப் போட்டு அணைத்துக்கொண்டான். டிரைவர்கூட ஒருகணம் திரும்பிப் பார்த்தார். இவனுக்கு என்ன உரிமை என்று நினைத்தாள், சுள்ளென்று. கியர் எத்தனை என்று தெரியாது. ஸ்பேர் வண்டியைக் காட்டினால் அதற்கும் அழுவான். இவன் அழுகிறான், இவனை அணைத்துக்கொள்கிறார்கள், என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை, வந்தாலும் துப்பட்டாவில் ஒற்றிக்கொண்டு தூசி என்பேன். எனக்கு எல்லாம் தெரியும். இவனை எல்லாருக்கும் தெரியும். கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் கொஞ்ச தூரம் அவளோடு வந்தது, சாமிநாதபுரம் தாண்டியதும் இறங்கிப்போய்விட்டது. பிறகு இருந்தது வெறும் ஆசை. அந்தக் கை தன் தோளிலும் விழவேண்டும் என்றல்ல. அந்த நெரிசலில் ஒரு கம்பி, அதில் தன் கைக்கும் ஓரிடம், வண்டி குலுங்கும்போது யாராவது ஒருவர் இயல்பாக, பாத்து, என்று சொல்லவேண்டும். அவ்வளவு சின்ன ஆசைக்கு இவ்வளவு பெரிய வண்டி வேண்டியிருந்தது.

பழநி. மலை முன்னால் எழும்பியது, பஸ் ஸ்டாண்டின் இரைச்சல், ஊர்க்காரர்கள் பையும் மூட்டையுமாக இறங்கிப் போனார்கள், ஒருவர்கூட வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் இறங்கினாள். போகவேண்டியதுதான், எதிர்ப்பக்கம் திரும்பும் வண்டி நிற்கிறது, வேறு வண்டி, ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. கால் நகரவில்லை. அவர்கள் முகப்பில் மாலை போட்டு, டிரைவரையும் மாரண்ணனையும் நடுவில் நிறுத்திச் சுற்றி நின்றுகொண்டு, படமெடுக்க ஆள் தேடினார்கள். “ஏனுங்க, ஒரு ஃபோட்டோ எடுத்துத் தர்றீங்களா?” தரணி அவளிடம்தான் கேட்டான். ஃபோனை நீட்டினான். வழிப்போக்கர்களிடம் கேட்கிற மாதிரி, வழிப்போக்கரிடம் கேட்டான். அவள் வாங்கிக்கொண்டாள்.  திரையில் பதினைந்து பேர், மாலை, மலை. நடுவில் நின்றவனின் தலை, வண்டி முகப்பில் எழுதியிருந்த பெயரை மறைத்தது. “கொஞ்சம்... பேரு மறையுது,” என்றாள். குரல் எழும்பவில்லை. “என்னங்க?” “பேரு மறையுதுங்க. எல்லாரும் டிரைவர் சீட்டுப் பக்கமா நகருங்க. ரெண்டு சக்கரமும் தெரியணும்.” நகர்ந்தார்கள். அவள் நாலடி பின்னால் போய், பக்கவாட்டில் ஒதுங்கி, யோசிக்காமலே தரையில் குந்தி, ஃபோனை முகப்பு விளக்கின் மட்டத்துக்கு இறக்கினாள், வண்டி பெரிதாக, ராணி மாதிரி எழும்பி வரும் கோணத்துக்கு. யாரோ பேசிக்கொண்டிருந்தது நின்றது. எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். மூச்சை அடக்கியிருந்ததை எழுந்தபோதுதான் உணர்ந்தாள். “அக்கா சூப்பரா எடுத்திருக்காங்கண்ணா!” என்று லோகு எட்டிப் பார்த்தான். தரணி படத்தைப் பார்த்தான், பிறகு அவள் குந்தியிருந்த இடத்தைப் பார்த்தான். “ரொம்ப தேங்க்ஸுங்க,” என்றான். இனி அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போகவேண்டும், அதுதான் அடுத்து நடக்கவேண்டியது, அவர்களும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். “எனக்கும் ஒண்ணு அனுப்பறீங்களா?” என்று ஒரு குரல் கேட்டது. தன் குரல்தான். “தாராளமாங்க. நம்பர் சொல்லுங்க.” அப்போதுதான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு விளங்கியது. அந்த எண்ணை அவன் என்ன பெயரில் வைத்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம், பரவாயில்லை, என்று சொல்லிவிடலாம். தப்பான எண் ஒன்றைச் சொல்லிவிடலாம், யாருக்கோ போய்ச் சேரும் அந்தப் படம், யாரோ புரியாமல் அழிப்பார்கள். பின்னால் பூங்கோதையின் என்ஜின் அணையாமல் அடங்கிய குரலில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொல்லத் தொடங்கினாள், தரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, பரீட்சையில் ஒப்பிப்பது மாதிரி. அவன் கட்டைவிரல் கூடவே வந்தது. பாதி தாண்டியதும் விரல் நின்றது. அவள் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள், பிறகு அவளும் நிறுத்தினாள். அவன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்தது இன்னதென்று அவளால் படிக்க முடியவில்லை. “என்னண்ணா, சேவ் பண்ணிட்டீங்களா?” என்றான் லோகு.  மீதி எண்கள் தரணிக்குத் தேவைப்படவில்லை, திரையே அவற்றை நிரப்பிவிட்டிருந்தது, அது இருவருக்குமே தெரியும். ஆனாலும் அவன் ஓரடி நெருங்கி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாக, “மீதியையுஞ் சொல்லுங்க,” என்றான். அவள் நிமிர்ந்து, அவன் முகத்தைப் பார்த்து, மீதியையும் சொன்னாள்.